தட்டோரத்து வெங்காயம்

எனக்கு இருப்புக் கொள்ளாது. பேருந்துக்கு நின்றால் பத்து முறை சாலைக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். பால் பொங்குவதற்குள் மூன்று முறை மூடியைத் திறப்பேன். 'நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை' என்று என் மனைவி கல்யாணமான வருடத்திலிருந்து என்னைச் சொல்லி வருகிறாள். எங்கள் வீட்டுக்குள் உண்மையிலேயே ஒரு நாய் வந்தபோது அதற்கு நிற்கவே தெம்பில்லை.

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் ஒரு கமிஷன் கடையில் நான் எடை போடுகிறவன். சந்தை நாட்களில் விடிந்ததும் மூட்டைகள் வந்து இறங்கும். எல்லாம் சின்ன வெங்காயம். சருகு பறந்து பறந்து தலையில், சட்டைப் பையில், டீ கிளாஸில் எல்லாம் விழுந்து கிடக்கும். தராசில் வைப்பதற்கு முன்பே மூட்டையின் காதைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினால் என் கை எடையைச் சொல்லிவிடும். தராசு சொல்வதும் கை சொல்வதும் அரைக் கிலோவுக்கு மேல் மாறாது. இத்தனை வருடத்தில் ஒரு மூட்டைக்குக்கூட நான் கள்ள எடை சொன்னதில்லை. எனக்குக் கோபம் வரும், அவசரம் வரும், வாய் நீளும், எல்லாம் உண்டு. எடையில் மட்டும் என்னை யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது.

ஒரே மகள், சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் எனக்கும் பேச்சு போன வருடம் வரை, மூன்று வருடமாக, மூன்று சொல்லில் முடிந்து வந்தது. சாப்டீங்களா, ம், அம்மாட்ட குடுங்க. பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. நான் சொன்ன படிப்பை வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. நான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள், அதற்கு வீட்டையே இரண்டாக்கினேன். அதற்கும் முன்னால், அவளுக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது, குழம்பில் கிடக்கிற வெங்காயத்தை எடுத்துத் தட்டோரத்தில் அடுக்கி வைப்பாள். வெங்காயத்தில் பிழைக்கிற வீட்டில் பிறந்துவிட்டு வெங்காயத்தை ஒதுக்குகிறாயா என்று எனக்கு வந்ததே கோபம். அதைத் தின்று முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார வைப்பேன். நான் சுற்றிச் சுற்றி நடப்பேன், அவள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கடைசியில் தண்ணீரைக் குடித்து விழுங்குவாள். ஜெயித்தது நான்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் லீவில் வந்தபோது திண்டுக்கல்லில் இறங்க வேண்டியவள் ரயிலில் தூங்கிப்போய்க் கொடைரோட்டில் இறங்கிவிட்டாள். இங்கே ஸ்டேஷனில் நின்று காய்ந்த எரிச்சலோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொடைரோட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டுச் சுவர் ஓரத்தில், பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நாயின் தலை. செவலை நிறம், பெட்டை. கழுத்தில் நைலான் கயிறு அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன.

"இதையும் ஏத்திக்கங்கப்பா" என்றாள்.

முடியாது என்றேன். அப்படியென்றால் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். நாயை எந்த பஸ்ஸில் ஏற்றுவான் என்றேன். அப்ப நடந்து வாரேன், நீங்க போங்க என்றாள். நடந்தே வரக்கூடியவள்தான். என் மகளல்லவா. வண்டியில் கிடந்த வெங்காயச் சாக்கை விரித்து அதில் நாயை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம். சாக்கைத் தூக்கியதுமே என் கை சொன்னது, பத்துக் கிலோகூட இல்லை.

அன்றைக்கே பேட்டைக்குப் போய்த் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது கிலோ எண்ணூறு. கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா பல்லையும் கண்ணையும் பார்த்துவிட்டு, இந்த உயரத்துக்குப் பதினாறு கிலோவாவது இருக்க வேண்டும் என்றார். கழுத்துப் புண்ணுக்கு மருந்து போட்டார், பூச்சி மாத்திரை கொடுத்தார். பட்டினி கிடந்த வயிறு, ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை கொடுங்கள் என்றார். குழைந்த சோறு, அவித்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி. உப்பு வேண்டாம், காரம் வேண்டாம், மசாலா வேண்டாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அம்மாக்கு முட்டி வலி, குனிய முடியாது. நீங்கதான் பாக்கணும். இது செத்துரக்கூடாதுப்பா." மூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். அதுவும் எனக்கு. "எம்புட்டு இருக்குப்பா?" என்பாள். நான் எடையைச் சொல்வேன், தராசில் ஏற்றாத நாளில் கை சொன்ன எடையை. என்ன சாப்பிட்டது, வாலை ஆட்டியதா, புண் ஆறிவிட்டதா என்று கேட்பாள். நானும் சொல்லிக்கொண்டே வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். இரண்டாவது வாரத்தில் பேச்சு நாயைத் தாண்டிப் போனது. அவள் ஆபீஸில் லிஃப்ட் வேலை செய்யாததைச் சொன்னாள். பேட்டையில் ஒரு மாடு மூட்டையைக் கிழித்த கதையை நான் சொன்னேன். அவள் சிரித்தாள். போனை வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தேனாம். மனைவி சொல்லிச் சிரித்தாள்.

முதல் இரண்டு வாரம் எடை ஏறியது. பத்து இருநூறு, பத்து எழுநூறு, பதினொன்று நூறு. சந்தை நாளில் ஏலம் தொடங்குவதற்கு முன்னால் வண்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றுவேன். சுமை தூக்குகிற அண்ணன் ஒருவர், இது என்ன ரகம், ஏலத்தில் விடலாமா என்று கேலி பேசுவார். நாயும் நடுங்காமல் நிற்கப் பழகிவிட்டது. எனக்கு மட்டும் போதவில்லை. ஒரு கிலோவுக்கே இரண்டு வாரம் என்றால் பதினாறை எப்போது தொடுவது? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். நானே களத்தில் இறங்கினேன்.

ஆட்டுக்கால் எலும்பை வாங்கி வந்து குக்கரில் பத்துப் பதினைந்து விசில் விட்டேன். உப்புப் போடவில்லை. மிளகாய் போடவில்லை. பட்டை, கிராம்பு எதுவுமில்லை. டாக்டரம்மா சொன்னதில் ஒன்றையும் நான் மீறவில்லை. சின்ன வெங்காயம் மட்டும் ஒரு கைப்பிடி உரித்துக் கடைசிக் கொதியில் போட்டேன். வெங்காயத்தை யாராவது மசாலாவில் சேர்ப்பார்களா? எங்கள் வீட்டில் அது இல்லாமல் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் கிடையாது. பழைய சோற்றுக்கு அது, உடம்புச் சூட்டுக்கு அது, அடிபட்ட வீக்கத்துக்கு வதக்கிக் கட்டுவதும் அதுதான். சின்ன வெங்காயம் தின்றால் ரத்தம் ஊறும் என்று என் அம்மா சொல்லுவார், நானும் எல்லோருக்கும் சொல்வேன். ரத்தமில்லாமல் கிடக்கிற நாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று, வந்த சரக்கிலேயே நல்ல திரட்சியான காயாகப் பொறுக்கி எடுத்து வந்தேன்.

முதல் நாள் அந்தச் சோற்றை நாய் மோந்து பார்த்தது. பிறகு சாப்பிட்டது. சாப்பிட்டு முடித்த பின் தட்டைப் பார்த்தால் ஓரத்தில் வெங்காயம் அத்தனையும் கிடக்கிறது. ஒன்று விடாமல் நாக்காலேயே ஒதுக்கித் தள்ளியிருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பழைய கோபம் வந்ததோ. உனக்கும் நம்ம வெங்காயம் இளக்காரமாப் போச்சா என்று கேட்டேன். நாலாம் நாள் வெந்த வெங்காயத்தை மிக்ஸியில் போட்டு விழுதாக அரைத்து, சோற்றோடு பிசைந்து வைத்தேன். இனி எப்படி ஒதுக்குவாய்?

"பிடிக்கலைன்னா விட்ருங்களே" என்றாள் மனைவி.

பிடிக்கிறது பிடிக்கவில்லை என்று பார்த்தால் உடம்பு தேறுமா என்று அவளிடமும் பாய்ந்தேன். நாய் என் முகத்தைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. ஏத்தா, தின்னுத்தா என்றேன். தின்றது. தட்டை நக்கித் துடைத்து வைத்தது. நான் மகளுக்குப் போனில் பெருமையாகச் சொன்னேன், இப்ப ஒண்ணையும் ஒதுக்குறதில்ல என்று.

அந்த வாரக் கடைசியில் தராசு பதினொன்று நூறைத் தாண்டவில்லை. அடுத்த சந்தையில் பத்துத் தொள்ளாயிரம் காட்டியது. தராசுதான் கெட்டுவிட்டதென்று நானே ஏறி நின்று பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் போன் அடித்தது. "எம்புட்டுப்பா?" என்றாள். என் வாய், "பதினொண்ணு ஐநூறு" என்றது.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அவள் குரலில் இருந்த ஆவலைக் கேட்டதும் வாயிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் சந்தோஷப்பட்டாள். எடை இறங்கியது என்று சொன்னால் போனை அம்மாட்ட குடுங்க என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். உண்மையைச் சொல்வதானால், நாய் செத்துவிடும் என்ற பயத்தைவிட அந்த நேரத்தில் அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நாளைக்கு ஏறிவிடும், சொன்ன எடையைப் பிடித்துவிடலாம் என்று இன்னும் ஒரு கைப்பிடி வெங்காயத்தைச் சேர்த்தேன். பத்து அறுநூறு. போனில் பன்னிரண்டு. பத்து இருநூறு. போனில் பன்னிரண்டு முன்னூறு. பேட்டையில் மூட்டைக்கு எடை சொல்லும்போதெல்லாம் நாக்கு ஒரு கணம் நின்றது. ஒரு விவசாயி, என்ன அண்ணே, தராசப் பாத்துட்டு இம்புட்டு யோசிக்கிறீங்க என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான்தான் டீக்கடைக்கும் தராசுக்கும் நாலு தடவை நடந்தேன்.

நாய் எழுந்து வருவதைக் குறைத்துக்கொண்டது. நான் வந்தால் படுத்தபடியே வாலை ஒரு தட்டுத் தட்டும், அவ்வளவுதான். கொல்லைக்குப் போய் வந்த மனைவி ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டாள். நாய் மூத்திரம் போன இடத்தைக் காட்டினாள். சிமெண்டுத் தரையில் வரக்காப்பியைக் கொட்டியதுபோல் இருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. சந்தை நாள் என்றும் பாராமல் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூக்கியபோது என் கை எடையைச் சொல்லத்தான் செய்தது. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா ஈறைப் பார்த்தார், மூத்திரத்தின் நிறத்தைக் கேட்டார், என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஒப்பிப்பதுபோல் சொன்னேன். சோறு, முட்டை, ஆட்டுக்கால் சூப்பு, உப்பில்லை, காரமில்லை, மசாலாவில்லை, ரத்தம் ஊறச் சின்ன வெங்காயம். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"தினமுமா?"

"தினமுந்தாங்க. ஒதுக்குதுன்னு அரைச்சுக் குடுக்குறேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். மெதுவாகத்தான் சொன்னார். "வெங்காயம் நாய்க்கு விஷம்ங்க. பச்சையா இருந்தாலும் சரி, வெந்தாலும் சரி, ரத்தத்த உடைச்சிரும். அதுக்குத் தெரிஞ்சுதான் ஒதுக்கியிருக்கு."

அவர் சொல்லச் சொல்ல என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் நகத்தில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. எத்தனை கழுவினாலும் எங்கள் கையில் அந்த வாசனை போகாது. அந்தக் கையைத்தான் அது தினமும் நக்கியது.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். மூன்று நாள் தாண்ட வேண்டும், தாண்டினால் பிழைத்துவிடும், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். காலையும் மாலையும் கூட்டிவந்து மருந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்கு வந்து நாயை விசிறிக்குக் கீழே படுக்கவைத்தேன். என்னால் உட்கார முடியவில்லை. கொல்லைக்குப் போனேன், வாசலுக்கு வந்தேன். குக்கரை எடுத்து இரண்டு முறை கழுவினேன். மிக்ஸி ஜாரைத் தேய் தேய் என்று தேய்த்தேன், வாசனை போகவில்லை, தூக்கி வெளியே வைத்தேன். பக்கத்தில் போய் அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். நாய்க்கு வேலையுமில்லை என்று மனைவி ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைக்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது.

"எம்புட்டுப்பா?"

"ஒம்போது ஐநூறு" என்றேன்.

நான் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு சூப்பு, வெங்காயம், அது ஒதுக்கியது, நான் அரைத்தது, பத்து நாளாகச் சொன்ன கள்ள எடை. சொல்லும்போது நான் நடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றிருந்தேன். கடைசியில், ஒன்ட்ட பேசணும்னுதான்த்தா பொய் சொன்னேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை. "ஒதுக்குனா விட்ரணும்ப்பா" என்றாள். குரல் உயரவில்லை. அவள் நாயை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. சரித்தா என்றேன். அம்மாட்ட குடுங்க என்று சொல்வாள் என்று போனைக் காதிலிருந்து பாதி எடுத்துவிட்டேன். "நாளைக்கும் உண்மையான எடையச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் ஒன்பது நானூறு. அதைச் சொன்னேன். மூன்றாம் நாளும் அதே ஒன்பது நானூறு. அதையும் சொன்னேன். இறங்கவில்லையே என்று அவள் சொன்னாள். நாலாம் நாள் காலையில் நான் அதற்கு மோர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது நாய் தானாக எழுந்து வந்து அடுப்பங்கரை நிலைப்படியில் தலையை வைத்தது. மனைவிதான் முதலில் பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். ஆம்பளை அழுவதை நாய் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, ஆனாலும் போய்விட்டேன்.

பதினாறைத் தொட ஐந்து மாதம் ஆனது. நான் ஒரு நாளும் அவசரப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். மனதுக்குள் பட்டேன். கையால் படவில்லை. முட்டை, கோழிக்கறி, சோறு, கொஞ்சம் பூசணி, கொஞ்சம் கேரட். நாய்க்குப் பூசணி பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளிவைக்கும். முதல் தடவை பார்த்தபோது கை துருதுருத்தது. பேசாமல் அந்தத் துண்டுகளை எடுத்துக் கொல்லையில் தென்னைக்குப் போட்டேன். "இன்னைக்குத் திட்டலையா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். இந்த முறை தூங்காமல் திண்டுக்கல்லிலேயே இறங்கினாள். நேரே பேட்டைக்குப் போகணும் என்றாள். வீட்டுக்குப் போய் நாயைக் கூட்டிக்கொண்டு பேட்டைக்கு வந்தோம். நாய் யாரும் சொல்லாமலே தராசில் ஏறி உட்கார்ந்து அவளைப் பார்த்தது. பதினாறு நானூறு. அவளே எண்ணைப் படித்தாள். ஒருவேளை நான் சொன்னால் நம்பமாட்டாளோ என்று நினைத்தேன். அப்படியில்லை, அவளுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கிறது, இரண்டு தடவை சொன்னாள்.

மத்தியானம் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாய் கொஞ்சம் தள்ளி அதன் தட்டோடு. சின்ன வெங்காய சாம்பார். மனைவி ஊற்றிக்கொண்டே போனாள். மகள் சோற்றைப் பிசைந்தாள். எனக்குத் தெரியும், இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வெங்காயமாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்தாள், சின்ன வயதில் வைத்ததுபோலவே வரிசையாக. பாதியில் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கை நின்றது. முப்பதை நெருங்குகிற பெண், வேலைக்குப் போகிறவள், ஊரைவிட்டுப் போய்த் தனியாக இருக்கிறவள், அந்தக் கை நின்றது.

நான் கையை நீட்டி அவள் தட்டோரத்திலிருந்த வெங்காயத்தை எடுத்து என் சோற்றில் போட்டுக்கொண்டேன். நல்லா வெந்திருக்கு என்று மனைவியிடம் சொன்னேன். மகள் மிச்சமிருந்ததையும் பொறுக்கி ஓரத்தில் வைத்தாள். பிறகு நான் எட்டி எடுக்கச் சிரமப்படாதபடி தட்டை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.